சோற்றுக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. எழுத்துக்கு ஏன் கேட்கிறோம்?

2022 ஜூன் மாதம். பள்ளி திறந்து ஒரு வாரம் இருக்கும். காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது, டிப்பர் லாரி ஓட்டுநர் ஒருவர் மகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். தலைமுடியில், புருவத்தில், சட்டைக் காலரில் எல்லாம் கல்குவாரித் தூசி. "டீச்சர், என்னத் தெரியுதா?" என்றார். முகம் மாறியிருந்தது, அந்தக் கூச்சம் மாறவில்லை. 1998-இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்.

"இவ எம் பொண்ணு. மூணாவது வந்துட்டா. நல்லா பேசுவா, கணக்கெல்லாம் வாயாலயே போட்டுடுவா. புக்க தொறந்தாதான் ஒண்ணும் வர்ல. என்ன மாதிரியே இருக்கா டீச்சர்" என்றவன், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "திட்டுங்க, பரவால்ல. என்ன எழுத வெச்ச மாதிரி மட்டும் எழுத வெக்காதீங்க."

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. சொல்வதை எழுதும்போது 'தங்கை' என்ற சொல்லை அவன் 'தகை' என்று எழுதுவான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். கவனக்குறைவு என்று முடிவுகட்டி, நூறு முறை எழுதச் சொல்லி வராந்தாவில் உட்கார வைத்தேன். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மூன்று வரி சரியாக எழுதினான். நான்காவது வரியில் 'ங்' நழுவியது. அதன்பின் பக்கம் முழுக்க 'தகை', 'தகை', 'தகை'. சத்துணவு மணி அடித்தும் அவனை நான் எழுப்பவில்லை. எழுத்து அழகாக, ஒரே சீராக இருந்தது. அத்தனை கவனமாக எழுதிய பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று நம்பினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்று, சாலவாக்கம் பக்கம் கிரஷர் வேலைக்குப் போய்விட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டபோதும், 'படிப்பு ஏறாதவன்' என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்து 2024-இல் ஓய்வு பெற்றவள் நான். எனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பதில் இடறும் பிள்ளைக்கான உதவி, மருத்துவர் கையெழுத்திட்ட காகிதத்துக்குப் பிறகு வரக் கூடாது. இடறுகிறாள் என்று தெரிந்த அன்றே, அவள் உட்கார்ந்திருக்கும் பாய்க்கு வந்து சேர வேண்டும்.

எழுத்து மட்டும் வராத பிள்ளை

பள்ளிக்கூடங்களில் 'மெல்லக் கற்போர்' என்றொரு பட்டியல் உண்டு. பின்தங்கிய எல்லாப் பிள்ளைகளையும் அதில் போட்டுவிடுவோம். அந்தப் பட்டியலுக்குள்ளேயே வேறொரு பிள்ளை ஒளிந்திருக்கிறது. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லும். சந்தைக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். கேள்வி கேட்டால் முதலில் கை தூக்கும். கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும். எழுதியதைப் படி என்றால் மட்டும் தலை குனிந்துவிடும். அறிவு குறையவில்லை, கண் கெடவில்லை, காது கேட்கிறது. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலை மட்டும் அந்த மூளையில் வேறு விதமாக நடக்கிறது. டிஸ்லெக்சியா என்பது இதைத்தான். எழுதுவதில் மட்டும், கணக்கில் மட்டும் இப்படி இடறும் பிள்ளைகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்கிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. டிப்பர் ஓட்டுநர் தன் மகளைப் பற்றிச் சொன்ன 'என்ன மாதிரியே' என்ற சொல், மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கான பதில்.

இது நேற்று முளைத்த நகரத்து நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1896-இலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். ஏழு வயதிலிருந்து பாடம் சொல்லிக் கொடுத்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. ஆனால் புத்திசாலி, கணக்கு வரும். பாடம் முழுவதும் வாய்மொழியாக மட்டும் இருந்திருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அதைப் படித்தபோது அந்த வராந்தா எனக்கு நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியப் பயிற்சி பெறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்த ஒன்று, என் வகுப்பறை வரைக்கும் வந்து சேரவில்லை.

எத்தனை பிள்ளைகள்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, மொழி எதுவானாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் என்கிறது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பேர்.

தமிழில் இந்தத் தடுமாற்றத்துக்குத் தனி முகம் உண்டு. ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் தலைகீழாவதைத்தான் சினிமாவிலும் புத்தகத்திலும் காட்டுகிறார்கள். நம் பிள்ளை இடறும் இடம் வேறு. 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். வாய் முதலில் சொல்வது ககரம்; கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பு. ககரத்துக்குப் பின்னால் ஒரு துணைக்கால் நிற்கிறது. டிப்பர் ஓட்டுநரின் மகள் "கெ…" என்று தொடங்கி, கையால் காலைத் தொட்டுக் காட்டி, "இத என்ன பண்றது டீச்சர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு குறிகளைச் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும் என்பது மற்றவர்களுக்குப் பழக்கத்தில் வந்துவிடுகிறது. இவளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டிய கணக்கு. 'கடல்', 'நகம்', 'தங்கம்' மூன்றிலும் எழுத்து ஒரே 'க', ஒலி மூன்று. மெல்லின ஒற்று எளிதில் நழுவும். புள்ளி விட்டுப்போகும். ட-வும் ப-வும் குழம்பும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்லும் பழக்கம் வரும்.

ஆசிரியர்கள் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். எங்கள் பக்கத்தில் மழையை 'மய' என்பார்கள், பழத்தைப் 'பயம்' என்பார்கள். ஒரு பிள்ளை 'வாயப்பயம்' என்று எழுதினால் அது வீட்டில் கேட்டபடி எழுதுகிறது. ஒலியைச் சரியாகவே எழுத்தாக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழைப் பழக்கினால் போதும். அதையும் குறைபாடு என்று சுழித்துவிட்டால், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே தவறவிடுவோம்.

கல்வெட்டில் புள்ளி இல்லை

ஓட்டுநரின் மகள் என் வகுப்பில் இருந்த அந்த ஆண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள குடவோலைக் கல்வெட்டால் உத்திரமேரூர் உலகப் புகழ் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சிறுவன் வரும் இடம்தான் பிடித்தது.

அந்தப் பெண் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விட மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. இதைச் சொன்னதும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இவங்களும் புள்ளி வெக்கலியா? இவங்கள யாரும் திட்டலியா டீச்சர்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நோட்டில் 'மரம்' என்பது எப்போதும் 'மரம' என்றுதான் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் என் சிவப்பு மை.

புள்ளி இல்லாமல் எழுதிய ஊர் பின்னால் புள்ளி வைத்து எழுதக் கற்றது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வடிவத்தை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பரப்பினார். ணா, றா, லை, னை போன்ற எழுத்துகளுக்குத் தனித்தனியாக இருந்த பழைய வடிவங்களை, பெரியார் வழிவந்த சீர்திருத்தத்தை ஏற்று 1978-இல் தமிழக அரசு எளிதாக்கியது. என் தலைமுறை பள்ளியில் கற்றது துதிக்கை வைத்த 'லை'. நான் கற்பித்தது வேறு 'லை'. படிப்பவருக்குச் சிரமம் என்றால் எழுத்தையே மாற்றத் தயங்காத மொழி இது. எழுத்து அப்படியே இருக்கட்டும். சில பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முறையை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்பது எவ்வளவு சிறிய கோரிக்கை!

ஒரு தட்டு மணல்

அந்த மாற்று முறை ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைத் தேய்த்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகியதைப் பெருமையாகச் சொல்வார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அதையும் உள்ளடக்கிய அவருடைய கற்பித்தல் முறைக்கு இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பெயர். பிறகு 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று ஒரு முறையை வகுத்தார்கள். கண் பார்க்க, காது கேட்க, வாய் சொல்ல, கை எழுத, நான்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எழுத்தைத் தனியாக, வரிசையாக, ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது என்று கற்பிக்க வேண்டும். இன்றும் டிஸ்லெக்சியா பயிற்சிகள் பலவற்றுக்கு அதுதான் வேர்.

சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து உருவாக்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்த வழியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. எனக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியை ஒருவர், வாரம் ஒருமுறை வரும்போது சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு, சலித்த ஆற்று மணல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம். முதல் மாதம் முழுக்க எழுத்தே கிடையாது. சொல்லைக் கைதட்டிப் பிரிப்போம்: க-த்-த-ரி-க்-கா-ய். 'தங்கை'யில் எத்தனை ஒலி என்று கூழாங்கல் வைத்து எண்ணுவோம். 'ங்' சொல்லும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "அதிருது டீச்சர்!" என்றாள். அந்த அதிர்வுக்கு ஒரு கூழாங்கல், கூழாங்கல்லுக்கு ஒரு எழுத்து. மணலில் 'ங்' எழுதி, அதன் தலையில் விரலால் ஒரு குத்து. அந்தப் புள்ளி அவள் நோட்டுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று.

புத்தகத்தில் வரி தாவாமல் இருக்க, பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். வகுப்பில் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்வதை நிறுத்தினேன். நாளை எந்தப் பத்தி என்று இன்றே சொல்லிவிடுவேன். அறிவியல் கேள்விக்கு வாயால் சொன்ன பதிலுக்கும் மதிப்பெண் போட்டேன். இவை எதற்கும் அரசாணை தேவைப்படவில்லை. பெரிய செலவும் இல்லை. தேவைப்பட்டதெல்லாம் நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் கிடைக்காத பொருளும் அதுதான்.

மூன்று நாள் கூலி

சான்றிதழுக்கும் முயன்றோம். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முதல் முறை நகரத்து மருத்துவமனைக்குப் போனபோது, பார்க்க வேண்டிய மருத்துவர் வருவது வேறு கிழமை என்றார்கள். இரண்டாம் முறை, அறிவுத்திறன் சோதனை முடித்து வா, அதற்கான உளவியலாளர் இங்கே இல்லை, வேறு ஊருக்குப் போ என்றார்கள். மூன்றாம் முறை அந்த இன்னோர் ஊரில் பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்த தாளில் பாதி ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து அழுதுவிட்டாள். "டவுன் பஸ்ஸுக்குக் காசு வாங்கறதில்ல டீச்சர், சரி. மூணு நாள் கூலி போச்சே, அத யாரு குடுப்பாங்க?" என்று அம்மா கேட்டார். நான்காவது முறை அவர் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்குத் தனி வகை கிடையாது. எண்ணப்படாத பிள்ளைகள் அவர்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று 2015-இல் வெளியிட்ட டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவி, முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில்தான் வந்தது. தமிழ்ப் பிள்ளையின் தடுமாற்றத்தை அவளுடைய தமிழில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எளிய நியாயத்துக்கே இவ்வளவு காலம் பிடிக்கிறது.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கைக்கு வந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவை கிடைக்கும். பிறகு உயர்கல்வி இடஒதுக்கீடும் உண்டு. அது அவர்களின் உரிமை. 2021-இல் எழுத்துக் கோளாறு உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றமே தலையிட்டு அது அநீதி என்றது. ஆனால் நம் கிராமங்களில் என்ன நடக்கிறது? ஒன்பதாம் வகுப்பில் யாரோ ஒரு நல்ல ஆசிரியர் கண்டுபிடித்து, பத்தாம் வகுப்பில் அவசர அவசரமாகக் காகிதம் வாங்கி, தேர்வைத் தாண்ட வைக்கிறார்கள். பிள்ளை தேர்ச்சி பெறுகிறான். படிக்கக் கற்றானா என்று யாரும் கேட்பதில்லை. எட்டு வயதில் தேவைப்பட்ட உதவி பதினைந்து வயதில் சலுகையாக வருகிறது.

2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிவதும், அதைத் தாண்டுவதற்கு ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள்வதும் கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது அது. காகிதம் வந்த பிறகு என்று அங்கே எழுதவில்லை.

பசிக்குச் சான்று கேட்டோமா?

காமராஜர் மதிய உணவு போட்டபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு மறு ஆண்டு மாநிலம் முழுவதும் வந்தபோதும், எந்தப் பிள்ளையிடமும் பசித்திருப்பதற்கான மருத்துவச் சான்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தட்டில் விழுந்தது. காலை உணவு வந்த பிறகு முதல் மணி நேரத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்கே தமிழ்நாடு கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்த மனத்தை எழுத்துக்கும் கொண்டுவரச் சொல்கிறேன்.

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையில் வைத்துக் கற்பிக்கிறோம். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் அரும்பிலேயே இரண்டு ஆண்டு நிற்கும் பிள்ளைக்கு அடுத்து என்ன என்பதற்குத்தான் விடை இல்லை. அதே அட்டையை, அதே பயிற்சிப் புத்தகத்தை மறுபடி தருகிறோம். கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றிவிட்டு நகர்கிறோம்.

"எல்லாரையும் டிஸ்லெக்சியா என்றால் என்னாவது? கொரோனாவில் படிப்பு விட்டவன், செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோடு ஆறு மாதம் போய்விட்டு வரும் பிள்ளை, வீட்டில் புத்தகமே இல்லாத இருளர் குடியிருப்புப் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் முத்திரை குத்துவீர்களா?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். மிகச் சரியான கவலை. அதனால்தான் உதவி முதலில் வர வேண்டும் என்கிறேன். மணல் தட்டோடு நான் உட்கார்ந்த ஆண்டில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். சூளைக்குப் போய் வந்த இருவர் மூன்றே மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்கள். அவர்களுக்குக் குறைந்தது பள்ளி நாள்கள் மட்டுமே. ஒருவனுக்குக் காதில் சீழ், மருந்தில் சரியாயிற்று. மீதி இரண்டு பேர் அத்தனை உழைப்புக்குப் பிறகும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தார்கள். யாருக்குக் கற்றல் குறைபாடு என்பதை அந்த இருபது நிமிடமே எனக்குக் காட்டிக்கொடுத்தது. அப்படிச் சலித்தெடுத்து இரண்டு பேரை மட்டும் அனுப்பினால் மருத்துவருக்கும் வேலை சுலபம்.

"மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?" என்றும் கேட்கிறார்கள். விடை தெரியாத பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தாலும் விடை வந்துவிடாது. தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த நேரம் உதவும். தெரிந்தும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இத்தனை காலம் நடந்ததுதான் அநியாயம்.

கேட்பது என்ன?

முதலாவது, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நாளுக்கு அரை மணி நேரம், இரண்டாம் வகுப்பின் நடுவிலிருந்தே, படிப்பதில் இடறும் பிள்ளைகளுக்காக ஒதுக்கப்பட வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில் அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது எங்கள் கிராமங்களில் படித்த பெண்கள் எத்தனை பேர் தன்னார்வலராக வந்தார்கள் என்று பார்த்தோம். அவர்களில் ஒருவருக்கு முறையாகப் பயிற்சி தந்து, மதிப்பான ஊதியமும் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, மதிப்பீடு செய்பவர்கள் உத்திரமேரூருக்கு வர வேண்டும். சக்கர நாற்காலிக்கும் காதுக் கருவிக்கும் ஒன்றிய அளவில் முகாம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் ஆண்டுக்கு இரண்டு முறை, தமிழ்க் கருவியோடு, உளவியலாளரும் மருத்துவரும் வட்டார வள மையத்தில் உட்காரட்டும். ஒரே நாளில் சோதனை, ஒரே இடத்தில் சான்றிதழ். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் என்றது. அதனால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் இது நடக்க வேண்டும்.

மூன்றாவது, சிறப்பாசிரியர்கள். ஒருவர் தலையில் ஏகப்பட்ட பள்ளிகளைக் கட்டினால், அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடத்தான் வர முடியும். எனக்கு மணல் தட்டைக் காட்டிய அந்தப் பெண்மணி ஒப்பந்த ஊழியர். அவருடைய நிலையே நிலையில்லாதது.

நான்காவது, தொடக்கப் பள்ளியிலிருந்து நடுநிலைப் பள்ளிக்குப் போகும்போது பிள்ளையோடு ஒரு பக்கக் குறிப்பும் போக வேண்டும். எதில் இடறுகிறாள், எது உதவியது, எதைச் செய்யக் கூடாது என்ற மூன்று வரி. ஆறாம் வகுப்பு ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நன்றாகப் பேசி, நன்றாக யோசித்து, புத்தகத்தில் மட்டும் நிற்கிறது என்றால் அடிக்காதீர்கள். டியூஷனுக்கு மேல் டியூஷன் வைக்காதீர்கள். கண்ணையும் காதையும் முதலில் சோதியுங்கள். பிறகு பள்ளிக்குப் போய், 2016 சட்டத்தைச் சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். இரவில் நீங்கள் படித்துக் காட்ட, பிள்ளை விரல் வைத்துப் பின்தொடரட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் கதை சொல்லுங்கள்; அதுவும் பாடம்தான்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. 'மக்கு' என்ற சொல்லை ஆசிரியர் அறையிலும் சொல்லாதீர்கள். அறைச் சுவருக்கும் காது உண்டு. அந்தப் பிள்ளைக்கு அது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. மெதுவாகத்தான் படிக்கிறாள், நீளமான சொல் வந்தால் நின்று, கையால் தட்டிப் பிரித்துக்கொள்கிறாள். ஒற்றெழுத்து இன்னும் நழுவுகிறது. ஆனால் புத்தகத்தைத் திறக்கப் பயப்படுவதில்லை. சான்றிதழ் இன்னும் வரவில்லை.

போன மாதம் அவளுடைய அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு அனுப்பியிருந்தான். அவன் எழுத மாட்டான், எப்போதும் குரல்தான். முதலில் மகள் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி படித்தாள். மற்ற பிள்ளைகள் அரை நிமிடத்தில் முடிப்பதை இரண்டு நிமிடம் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள், அப்பா பேசாமல் காத்திருப்பது கேட்டது, பின்னணியில் லாரிகளின் சத்தம். அவளே அந்தச் சொல்லைத் தாண்டிவிட்டாள். பத்தி முடிந்ததும் அவன் குரல் வந்தது. "கேட்டீங்களா டீச்சர்? நல்லாருக்கு இல்ல?" கொஞ்சம் மௌனம். பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவனைப் போலக் கேட்டான்: "எனுக்கும் அப்பவே அந்த மணல்ல எழுத வெச்சிருக்கலாம் இல்ல?"

வெச்சிருக்கலாம். என் தாத்தாவுக்குத் தெரிந்த முறை. பள்ளி வாசலிலேயே கிடந்த மணல். நான் செய்யவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், மூன்று நாள் கழித்து, மன்னிப்பு மட்டும் கேட்டேன். இன்று ஏதோ ஒரு வராந்தாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் 'தகை' எழுதிக்கொண்டிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை, இருபத்தைந்து ஆண்டு கழித்து இதே கேள்வியோடு தன் ஆசிரியரிடம் வந்து நிற்க வேண்டாம். அந்தப் பிள்ளையை எழுப்பி, முதலில் சாப்பிட அனுப்புங்கள். பிறகு ஒரு தட்டு மணலோடு பக்கத்தில் உட்காருங்கள்.